அக்கா எந்த நாட்டில் பிறந்தாள்?

பிரெஞ்சுக்காரர் இந்த ஊரை விட்டுப் போக வேண்டும் என்று பதினான்கு மேடைகளில் முழங்கியவன் நான். என் பேச்சைக் கேட்டுத்தான் அவர்கள் போனார்கள் என்று நானாகச் சொல்லிக்கொள்வதில்லை; பிறர் சொன்னால் மறுப்பதுமில்லை. அவர்கள் போன மூன்றாம் ஆண்டு, என் அக்காவைப் பிரான்சுக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது.

அப்பா இதைச் சும்மா விடுவாரா? "போ, போன்னு தொண்டை கிழிய கத்தினியே. போனவன் உங்க அக்காவையும் இல்ல கூப்புடுறான்" என்றார்.

அக்காவின் கணவர் பிரெஞ்சுப் படையில் சிப்பாய். எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. திருமணமான ஆறாம் வாரம் கப்பலேறியவர், மனைவியை அழைத்துக்கொள்ள அங்கே மனுப் போட்டிருந்தார். மனுவில் ஒரே ஒரு குறை என்று கடிதம் எழுதியிருந்தார்: அக்காவின் பிறப்புப் பத்திரம். இரண்டு மாதத்துக்குள் அது போய்ச் சேராவிட்டால் அவரை அல்ஜீரியாவுக்கு மாற்றிவிடுவார்களாம். அங்கே சண்டை, குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழியில்லை. எத்தனை ஆண்டு என்று அவருக்கும் தெரியவில்லை.

கடிதத்தை அக்கா இரண்டு முறை படித்தாள். "இருபத்தியோரு வருசமா உசுரோட இருக்கேன். பொறந்தேன்னு சொன்னா நம்ப மாட்டாங்களா?" என்றாள்.

நம்பமாட்டார்கள். பிறப்பைப் பதியாமல் போனதற்கு எங்கள் எல்லையே காரணம். அந்நாளில் புதுச்சேரி ஒரே நிலமாக இருந்ததில்லை; பிய்த்துப் போட்ட தோசையைப் போல ஆங்கிலேயர் நிலத்துக்குள் சிதறிக் கிடந்தது. தலைப்பிரசவத்துக்கு அம்மா தாய்வீடு போயிருந்தாள். உழவர்கரைக்கும் மேற்கே இருந்த அந்த ஊரில், தாய்மாமன் வீடு ஆங்கிலேயர் நிலம். நடுவில் ஒரு சந்து; அதைத் தாண்டினால், அவருடைய மாட்டுக் கொட்டாய் பிரெஞ்சு நிலம். இது அந்தப் பக்கத்துக் குழந்தை என்று பிரெஞ்சு எழுத்தரும், இந்தப் பக்கத்துக் குழந்தை என்று ஆங்கிலேயர் எழுத்தரும் எண்ணியிருந்ததில், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே என் அக்கா வளர்ந்துவிட்டாள்.

விவரம் அறிந்தவர் ஒருவர் வழி சொன்னார். பிரெஞ்சுக்காரர் போனாலும் அவர்கள் சட்டம் ஊரில் இன்னும் நடப்பில் இருந்தது. பிரெஞ்சு மண்ணில் பிறந்தவள் என்றால், பிறப்பை அறிந்த பெரியவர் இருவர் நீதிபதி முன் சொன்னால் போதும். ஒரே நாளில் பத்திரம் கிடைக்கும். ஆங்கிலேயர் மண் என்றால் அந்தப் பக்கத்துத் தாலுகா கச்சேரிக்கு நடக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையாது.

"எங்கே பெற்றாய்?" என்று அம்மாவைக் கேட்டேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தீட்டுன்னு நடுவீட்டுல விடுவாங்களா? கொட்டாயிலதான் ஒரு மறைப்பு கட்டி..."

நான் துள்ளிக் குதித்தேன். கொட்டாய் பிரெஞ்சு மண்!

பெற்றவள் சாட்சி செல்லாது என்றார்கள். ஆகவே தாய்மாமனையும், அன்று பிரசவம் பார்த்த மருத்துவச்சியையும் முதல் நாள் மாலையே முத்தியால்பேட்டையில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரவழைத்தேன். நீதிமன்றம் என்றதும் மாமா ஊருக்குத் திரும்ப எழுந்துவிட்டார். அஞ்சும் மனிதருக்குத் துணிவூட்டுவதுதானே நாவன்மையின் பயன்? எழுந்து நின்றேன், முக்கால் மணி நேரம் பேசினேன். மாமாவின் குலப்பெருமையைச் சொன்னேன், கொடைத்திறத்தைச் சொன்னேன். தேக்குத் தூண்கள் தாங்கி நிற்கும் திருமனையில் உதித்த தீபமே என் தமக்கை என்று முடித்தபோது மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருத்துவச்சி தூங்கிவிட்டிருந்தாள்.

என் வாழ்நாளில் இவ்வளவு பயன் விளைத்த பேச்சு வேறில்லை. பயன் விளைந்த திசைதான் தவறு.

மறுநாள் நீதிபதி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் தமிழர், மாமாவிடம் கேட்டார்: "குழந்தை எங்க பொறந்தது?"

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "எங்க வீட்டு நடுக்கூடத்துல. தேக்குத் தூணுக்குப் பக்கத்துல, கட்டில்ல."

வாசலில் நின்ற அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன் பதினான்கு மேடைகளும் சரிந்தன.

"அந்த வீடு இங்கிலீஷ்காரன் பக்கம் இல்ல இருந்துது?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க. ஆனா நல்ல வீடு."

அடுத்து மருத்துவச்சி. அவள் மாமாவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "இன்னாய்யா இது, கட்டிலு? உன் ஊட்டுல அப்ப ஏது கட்டிலு? ரெண்டு எருமைக்கும் ஒரு செவல பசுவுக்கும் நடுவுல, வைக்கோல்ல பெத்தா மகராசி. கொழந்த கத்தினதுல பசு கவுத்த அறுத்துக்கிச்சு. நீதான வெளக்குமாத்த தூக்கிக்கினு பின்னாலயே ஓடின?"

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். சாட்சிகள் ஒத்துப்போகாவிட்டால் பத்திரம் கிடையாது என்றார் நீதிபதி. நான் பேச எழுந்தேன். உட்காரும்படி கையைக் காட்டினார். மேடைவாழ்வில் முதன்முறையாக, முதல் சொல்லுக்கு முன்பே உட்கார்ந்தேன்.

மாமா தளர்ந்த குரலில் சொன்னார்: "கூடப் பொறந்தவள மாட்டுக் கொட்டாயில போட்டேன்னு எழுதிக் குடுத்தா, ஊருல நான் எப்படிங்க தலை நிமிந்து நடப்பேன்?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்திரம் பிரெஞ்சுல இல்ல இருக்கும். உங்க ஊருல எத்தினி பேரு பிரெஞ்சு படிப்பாங்க?"

மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லீங்க" என்றவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார். "இவன் படிப்பானே. படிக்கிறதோட உடுவானா? மைக்கு கட்டி இல்ல சொல்லுவான்."

எந்த மேடையிலும் இதைப் பேசுவதில்லை என்று, நீதிபதியும் மருத்துவச்சியும் கேட்க, நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகே மாமா வாய் திறந்தார்: "செவல பசு இல்லீங்க. கருப்பு. மத்ததெல்லாம் அவ சொன்னதுதான்."

சத்தியத்தை இன்றளவும் காக்கிறேன். எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பிற்பகலில் முத்திரை குத்திய தாள் கைக்கு வந்தது. வாசலிலேயே அக்கா படிக்கச் சொன்னாள். மாமா பக்கத்தில் நின்றதால், கொட்டாயைக் குறித்த சொல் வந்த இடத்தில், "தாய்மாமன் இல்லத்தைச் சார்ந்த புறமனையில்" என்று மெருகேற்றினேன். மாமா திருப்தியோடு வெற்றிலை வாங்கப் போனார்.

அவர் நகர்ந்ததும் அக்கா தாளை என் கையிலிருந்து வாங்கினாள். "பொறமனையாவது ஒண்ணாவது. கொட்டாயின்னு போட்டிருக்கா இல்லியா? அத சொல்லு மொதல்ல."

"போட்டிருக்கு."

"எந்த எழுத்துடா?"

விரலை வைத்துக் காட்டினேன். அந்தச் சொல்லை முந்தானையால் மெல்லத் துடைத்தாள், அதில் தூசி ஏதும் இல்லாவிட்டாலும். பிறகு, "தபாலாபீசு எத்தினி மணிக்கு மூடுவான்?" என்று கேட்டுக்கொண்டே, எனக்காகக் காத்திராமல் நடக்கத் தொடங்கினாள்.