அப்பா கழற்றிய ஒழுங்கு

சோற்றிலும் மண்ணெண்ணெய் மணக்கும் மாதங்கள் அவை. கோப்பாயில் எங்கள் வீட்டுப் பின்வளவுக் கொட்டிலில் நின்ற பழைய மொறிஸ் மைனர் காரை, துருவை வெட்டியெடுத்துப் புதிதாகப் பெயின்ற் அடிப்பதற்காக, அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது பத்து வயது. பம்பர் விறாந்தையில் கிடந்தது, கதவுகள் சாமியறைச் சுவரில் சாய்ந்து நின்றன, முன்கண்ணாடி என் கட்டிலைப் பிடித்துக்கொண்டதால் நான் பாயில் படுத்தேன். அம்மா ஏசினால், "ரண்டு மாசம் பொறும். பிறகு உமக்குத்தான் முன் சீற்" என்று அப்பா சிரிப்பார்.

கடைசியாக ஸ்ரியறிங்கைக் கழற்றினார். அதைக் குசினி வாசலில் வைத்துவிட்டுக் கிணற்றடியில் கை கழுவியவர், நெஞ்சு நோகுது என்று சொல்லிக்கொண்டு வந்து நிலத்தில் படுத்தார். பிறகு எழும்பவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கதவுகளையும் சில்லுகளையும் விலத்தி விலத்தி நடந்தார்கள். நான் அழவில்லை. கட்டிலில் யாரும் இருந்து கண்ணாடியை உடைத்துவிடக் கூடாதென்று அதனருகிலேயே நின்றேன்.

முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சடங்கு முடிந்த கையோடு மாமா, அம்மாவின் தம்பி, சொன்னார்: "அக்கா, உதுகளைப் பழைய இரும்புக்குக் குடுத்திடுவம். எது எங்கை பூட்டுறதெண்டு அத்தானுக்குத்தானே தெரியும்."

அம்மா வாசலைப் பார்த்தார். "எங்களுக்கும் தெரியும். எல்லாம் இந்த வாசலாலைதானே வந்தது" என்றார்.

மானிப்பாயிலிருந்து யோகன் அண்ணை என்ற மெக்கானிக் வந்து பார்த்தார். "பூட்டுறது பெரிய வேலையில்லை அக்கா. எதுக்குப் பிறகு எது எண்டது பிழைச்சால், பூட்டினதைத் திருப்பிக் கழட்டவேணும். கடைசியாக் கழட்டினதிலையிருந்து எழுதித் தாங்கோ" என்றார்.

அம்மா என் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தார். முதல் வரி என்னவென்று இருவருக்கும் தெரியும். அவர் எழுதாமல் பேனையை என்னிடம் தந்தார். ஸ்ரியறிங் என்று எழுதினேன். அதற்கு முன் வயர்க் கட்டு, அம்மாவும் அப்பாவும் சண்டை பிடித்த நாள். அதற்கு முன் கியர்பெட்டி, தங்கச்சிக்குக் காய்ச்சல் காய்ந்த கிழமை. இப்படி, அப்பா செத்த நாளில் தொடங்கி, அவர் விசிலடித்துக்கொண்டு முதல் ஆணியைத் திருகிய நாள் வரைக்கும் பின்னால் போய் எழுதி முடித்தோம். இடையில் அம்மா இரண்டு தடவை எழும்பி அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அடுப்பில் எதுவும் இருக்கவில்லை.

தாளைப் பார்த்த யோகன் அண்ணை, "இதிலை மாறி எழுதியிருக்கு. முன்கண்ணாடியைப் பூட்டுவம். கூரையின்ரை உள்துணி பிறகு" என்றார்.

"இல்லை. துணி முதல்" என்றேன். கண்ணாடி என் கட்டிலுக்கு வந்த மறுநாள்தான் அந்தத் துணி கொடியில் காய்ந்தது. கண்ணாடியை எடுத்தால்தான் துணியின் விளிம்பு வெளியே வரும் என்று அப்பா சொல்லியிருந்தார். யோகன் அண்ணை விளிம்பைத் தடவிப் பார்த்தார். "பிள்ளை சொல்லுறது சரி அக்கா."

அம்மா என் தலையில் கை வைத்தார். எனக்குச் சந்தோசமாகவும் இல்லை, கவலையாகவும் இல்லை.

பெயின்ற் வேலையோடு நாலு மாதத்தில், தாளில் இருந்தபடியே, வீட்டுக்குள் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே போயிற்று. பம்பரையும் பூட்டி எஞ்சினை இயக்கியபோது பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். நான் உள்ளே போனேன். விறாந்தை வெறுமையாகக் கிடந்தது. என் கட்டிலில் அம்மா புது விரிப்பு விரித்திருந்தார். அப்பா தன் கையால் வைத்துவிட்டுப் போனவற்றில் ஒன்றுகூட வைத்த இடத்தில் இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அழுகை வரும் என்று நின்றேன். வரவில்லை.

அம்மா அந்தக் காரில் ஓட்டப் பழகி, நாங்கள் படித்து முடிக்கும்வரை ஏற்றி இறக்கினார். போன வருடம் அதை நல்லூரில் கல்யாணங்களுக்குக் கார் விடும் ஒருவருக்குக் கொடுத்தோம். கொட்டில் இப்போது இல்லை. வீட்டு நிலத்துக்கு மாபிள் பதித்தாயிற்று. தங்கச்சிக்கு அப்பாவின் முகமே நினைவில்லை என்கிறாள். வாங்கியவர் வந்து காரை ஒழுங்கையால் றோட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோது, அம்மா படலையைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"ஓம்" என்றேன். இருவரும் உள்ளே வந்தோம்.