ஹினேஸ் துடைத்த தடம்

ஹினேஸ் எங்கள் லோர்கா ஊர் டென்னிஸ் கிளப்பிலேயே வளர்ந்தவன். அங்கே செம்மண் மைதானங்களைப் பராமரிப்பவள் அவன் அம்மா ஃபுவென்சாந்தா; நான் கேன்டீன்காரன்.

"என் மண்ணுல குழி போட்டுட்டுப் போனா காலை ஒடிச்சிருவேன்டா!" என்று அவள் கத்திக் கத்தியே, பந்து பதிந்த தடத்தைக் காலால் தேய்த்து மூடுவது அவனுக்கு மூச்சுவிடுவதுபோல் ஆகிவிட்டது.

ஜூனியர் கோப்பைகளை வாரிக் குவித்தான். பிறகு முதல் தொழில்முறைப் போட்டி. வெல்ல ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. நடுவரோ உள்ளே என்றார். இறங்கி வந்து தடத்தைப் பாருங்கள் என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே, பாவி, காலால் அதைத் தேய்த்துவிட்டான். தடத்தை அழித்தவன் புள்ளியை விட்டுக்கொடுத்ததாகத்தான் விதி. அதன்பின் ஆட்டமே கைநழுவிப் போனது.

"வெளியதானடா விழுந்துச்சு?" என்று போனில் அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்புறம் ஏன்டா துடைச்சே?"

"உன்கிட்டதானே வளர்ந்தேன்."

இப்போது நாடு நாடாக ஆடுகிறான், ஜெயிக்கவும் செய்கிறான். கிறிஸ்துமஸுக்கு வந்தவன் எங்கள் மைதானத்தில் ஆடிவிட்டு, குண்டும் குழியுமாக அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினான். ஆடியவரே பாய்போன்ற இழுவலையைத் தரையில் இழுத்து மண்ணைச் சமன்செய்வதுதான் இங்கே வழக்கம்.

"உன் மகனைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லேன்" என்றேன்.

"வேணாம், விடுங்கண்ணே." ஃபுவென்சாந்தா தானே இழுவலையை எடுத்தாள். "மறந்தது திரும்ப ஞாபகம் வந்துடப் போகுது."