புல் மெத்தையில் வந்த பவளம்

இப்போது நடக்கிற இந்த உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம். பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் ஒரு காலை. நான் ஆடுகோடிக்காரன், ஜட்கா ஓட்டுகிறவன்.

மதராஸ் ரயிலில் வந்த ஒரு டீச்சரம்மா மரப்பெட்டியோடு என் வண்டிக்கு வந்தார். கடலுக்கடியில் போகும் தந்திக் கம்பியைப் பழுது பார்க்கும் கப்பலில் அவர் தம்பிக்கு வேலையாம். கம்பியை மேலே இழுத்தபோது ஒட்டிக்கொண்டு வந்த பவளமாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டக் கொண்டுபோகிறார்.

"பாத்து ஓட்டுப்பா. ஒடஞ்சா இன்னொண்ணு கெடைக்காது."

மூடியைத் திறந்து காட்டினார். விசிறி மாதிரி விரிந்த சிவப்புக் கிளை. லேஸ் பின்னியதுபோல அத்தனை மெல்லிசு. என் வண்டியோ எலும்பைக் கழற்றிவிடும்.

குதிரைக்கு வைத்திருந்த புல் முழுவதையும் பரப்பி, அதன்மேல் பெட்டியை வைத்தேன்.

"மத்தியானம் குதிரை என்னத்தத் தின்னும்?"

"நசுங்குன புல்ல அது தொடாது. ஒரு வேள பட்டினி கெடக்கும்மா."

குதிரையை நடக்கத்தான் விட்டேன். பின்னால் வந்த ஜட்காக்காரனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மாமா, கல்யாண ஊர்வலமா? ஜல்தி போ!"

மார்க்கெட் திருப்பத்தில் ஒரு மோட்டார் அலறியது. குதிரை மிரண்டு துள்ளியது. இழுத்துப் பிடிப்பதற்குள் பெட்டி நகர்ந்து பக்கப் பலகையில் டக்கென்று இடித்தது.

வண்டியை நிறுத்தினேன்.

"நீ தொறந்து பாருப்பா."

"நீங்களே தொறங்கம்மா."

இரண்டு பேருமே திறக்கவில்லை. பள்ளி வந்ததும் பெட்டியை நானே வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

வகுப்பில் பிள்ளைகள் சுற்றி நிற்க, டீச்சரம்மா மூடியை எடுத்தார். ஒரு நுனிகூட உடையவில்லை. பூதக்கண்ணாடியை முதலில் என்னிடம்தான் கொடுத்தார்.

ஒரு கிளையில் காய்ந்துபோன புழு ஒன்று. அது படுத்திருக்கப் பவளமே வளைந்து குழாய் மாதிரி வளர்ந்திருந்தது. வேறொரு கிளையில் நட்சத்திரம் மாதிரி ஐந்து கால் பூச்சி ஒன்று இறுகச் சுற்றியிருந்தது.

"அவ்ளோ ஆழத்துல வெயிலே எட்டாது. புழு, பூச்சி, குட்டி மீனு எல்லாம் இத நம்பித்தான் ஒண்டிக்கும்" என்றார் டீச்சரம்மா.

"வாடகை வாங்குமா மிஸ்?" என்றது ஒரு வாலு. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வெளியே வந்தால் குதிரை தின்றுகொண்டிருந்தது. டீச்சரம்மா சொல்லி முன்னாலேயே வந்த இரண்டு பிள்ளைகள் பள்ளித் தோட்டத்துப் புல்லைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். தோட்டக்காரர் கன்னடத்தில் திட்டிக்கொண்டிருந்தார்.

நான் கடலைப் பார்த்ததில்லை. இனிமேல் பார்ப்பேனோ என்னவோ. வெயில் எட்டாத இடத்திலும் ஒன்று நின்று, வந்ததற்கெல்லாம் இடம் கொடுக்கிறது என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைந்துவிடுகிறது.