நாற்பது நாள் அட்டை

தவமலர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். பதினாறு வருடமாக எங்கள் தியான நிலையத்துக்கு வருகிறாள். போன மாரியில் வெள்ளம் வயல் வட்டைகளை மூடி, நெல்லெல்லாம் அழுகிப் போனது. அது விவசாயிகளின் கர்மவினை என்று குருஜி சொன்னார். அடுத்த கிழமை அதே வெள்ளம் நிலையத்தின் சமையலறைக்குள் புகுந்தது. உடனே இயற்கை அனர்த்தம் என்று அறிவித்து, எங்களைச் சிரமதானத்துக்குக் கூப்பிட்டார்கள்.

சேறு அள்ளிக்கொண்டே தவமலர் பொறுப்பாளரிடம் கேட்டாள்: "வட்டைக்குள்ள வந்தா கர்மம், இஞ்ச வந்தா மட்டும் அனர்த்தமா அண்ணன்?"

"உங்கட மனசு குழம்பிக் கிடக்கு தங்கச்சி. நாப்பது நாள் மௌனம் இருங்க."

எங்கள் நிலையத்தில் கேள்வி கேட்பவர்களுக்கு இதுதான் மருந்து. கழுத்தில் 'மௌனம்' என்று எழுதிய அட்டை தொங்கும். எனக்கு அந்த அட்டையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கடைக்காரர்கள் கத்திக் கேட்க, அவள் விரல்களை நீட்டி எத்தனை இடியப்பம் என்று காட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்பது நாளும் இருந்தாள்.

நாற்பத்தோராம் நாள் மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அட்டையைக் கழற்றிப் பொறுப்பாளரிடம் கொடுத்தாள்.

"இப்ப மனசு தெளிஞ்சிட்டா?"

"அதே கேள்விதான் அண்ணன். நீங்கதான் இன்னும் பதில் சொல்லல்ல."

அவர் அட்டையைத் திருப்பி நீட்டினார். "இன்னும் நாப்பது நாள்."

தவமலர் வாங்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினாள். "நான் கேட்டது பிழையா? சொல்லுங்களன்."

கழுத்தில் அட்டை தொங்கிய நாலு பேர் இல்லையென்று தலையாட்டினார்கள். பேச அனுமதி இருந்த நாங்கள் அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.