கறுப்பு வண்டியில் இரண்டாவது கட்டம்

வெள்ளை வண்டி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். கறுப்பு வண்டி அப்படியில்லை. வாயில் எதுவும் நிற்காத பிள்ளை மாதிரி, வீட்டில் நடந்ததையெல்லாம் தெருவுக்கே சொல்லிவிடும். யார் துடைத்தார், எந்தத் துணியால் துடைத்தார், எவ்வளவு அவசரத்தில் துடைத்தார் என்று எல்லாமே வெயிலில் நிறுத்தினால் தெரிந்துவிடும். அதனால்தான் அந்தக் கடையில் கறுப்பு வண்டி நுழைந்தாலே மற்றவர்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். வண்டி அவள் தலையில் வந்து விழும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் வண்டி துடைக்கிற ஆளாகத்தான் அவள் அங்கே சேர்ந்தாள். பாலிஷ் மெஷின் போடுகிறவர் வேறொருவர். ஒருநாள் அவர் முதலாளியோடு சண்டை போட்டு, ஒரு வண்டியைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். முதலாளி தலையில் கை வைத்து நின்றபோது, இவள் போய் மெஷினை எடுத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் முதலாளி.

"பாத்திருக்கேன்."

அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான். இரண்டு வருஷமாகத் துடைத்துக்கொண்டே அவர் எங்கே அழுத்துகிறார், எங்கே தப்பு விடுகிறார் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு கறுப்பு வண்டி வந்தது. அதை ஓட்டி வந்தவர் அவள் கணவர்.

அவர் ஆறு மணி நேர தூரத்தில் ஒரு பெரிய வீட்டில் டிரைவர். அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வருவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் நான்கு. தினமும் போனில் பேசுவார்கள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீங்க, ஆச்சு. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. வைக்கவும் மனசு வராது. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவதையும் இந்தப் பக்கம் இவள் மூச்சு விடுவதையும் போன் கம்பெனிக்காரன்தான் கேட்டுக்கொண்டிருப்பான்.

வண்டிக்கு பாலிஷ் போடவேண்டும் என்று அந்த வீட்டு சார் சொன்னபோது, என் வீட்டுக்காரியே அந்த வேலைதான் செய்கிறாள் என்று இவர் சொல்லியிருக்கிறார். சாரும் சரி என்றுவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. வேலை இன்றைக்கே முடிந்தால் இன்றைக்கே கிளம்பி வந்துவிட வேண்டும். முடியாவிட்டால் மட்டும் தங்கி, நாளை மதியத்துக்குள் வரலாம்.

இதைக் கேட்டதிலிருந்து நான்கு நாளாக அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் படுக்கை விரிப்பை மாற்றினாள். இரண்டு பேருக்கு வேண்டிய காயை நறுக்கி, தட்டுப் போட்டு மூடிவிட்டு வந்தாள். ராத்திரிக்கு.

"வாங்க" என்றாள் கடை வாசலில்.

"இளைச்சிட்ட" என்றார் அவர்.

"நீங்கதான்."

அதற்குள் கூட வேலை பார்க்கிற கம்பளி வந்துவிட்டான். எந்த வண்டியைக் கொடுத்தாலும் மெஷினில் கம்பளி பேடை மாட்டித் தேய்ப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். "வாங்க மாமா! அக்கா நாலு நாளா சிரிச்சுக்கிட்டே வேலை செய்யுது. நாங்கல்லாம் பயந்துட்டோம், ஒடம்புக்கு எதுவும் ஆயிடுச்சோன்னு."

அவள் குழாயைத் திறந்துவிட்டு வண்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

கழுவி, ஒட்டியிருந்த தூசியை அதற்கென்றே விற்கிற களிமண் கட்டியால் உருட்டி எடுத்து, துடைத்து, ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டி முடிக்கும்போது பத்தரை. பிறகு டார்ச்சை எடுத்தாள். வண்டி முழுக்கச் சிலந்தி வலை. வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள். காய்ந்த துணியால் தினமும் துடைத்தால் வருவது. கதவுகளில் நிறைய இருந்தன. மேற்கூரையின் நடுவில் ஒன்றுகூட இல்லை. அவர் கை அதுவரைக்கும் எட்டாது.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். ஓட்டுநர் கதவின் பிடிக்குப் பின்னால் மோதிரம் உரசின தடம். முன்சக்கரத்துக்கு மேலே, இடது பக்கம், இடுப்பு உயரத்தில் ஒரு கொத்துக் கீறல். ஒன்றின்மேல் ஒன்றாக, நூற்றுக்கணக்கில்.

"இங்கதான் சாஞ்சு நிப்பீங்களா?"

"எங்க?"

"இந்த இடத்துல."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "ஆமா. போர்டிகோவுல அந்தப் பக்கம்தான் வெயில் வராது. சார் எப்ப கூப்பிடுவார்னு தெரியாதே, நின்னுக்கிட்டே இருப்பேன். உனக்கு யாரு சொன்னா?"

"உங்க சாவிக்கொத்து சொல்லுச்சு."

அவர் இடுப்பில் தொங்கிய சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போனில் அவர் என்றைக்குமே சொல்லாத நாட்கள் அத்தனையும் அந்த ஒரு சாண் இடத்தில் இருந்தன. இத்தனை மணி நேரமா நிற்கிறார்?

முன் மூடியின் மேல் ஒரு முழ அகலத்துக்கு டேப்பால் ஒரு கட்டம் கட்டினாள். எந்த பேட், எந்த பாலிஷ் என்று முதலில் சின்ன இடத்தில் பார்த்துவிட வேண்டும். அவள் முறை ஒன்றுதான். இருப்பதிலேயே மெத்தென்ற ஸ்பாஞ்ச் பேடும் இருப்பதிலேயே மென்மையான பாலிஷும் முதலில். அது போதாவிட்டால்தான் ஒரு படி மேலே. சில வண்டிக்குப் பெயின்ட் கல் மாதிரி இருக்கும். மூன்று படி ஏறி, கீறல் போக மேல்பூச்சை அழுத்தமாக வெட்டி, பிறகு வெட்டினதில் புகை மாதிரி படியும் மங்கலை இன்னொரு பேடால் எடுத்து, மறுபடியும் மெருகு கொடுத்து, இரண்டு நாள் இழுக்கும்.

கல் மாதிரி இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். கடவுளே, கல் மாதிரி இருக்கட்டும்.

பேடில் நான்கு சொட்டு பாலிஷை வைத்தாள். குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, நெடுக்காகவும் குறுக்காகவும் மெதுவாக ஓட்டினாள். ஸ்பிரிட் தெளித்துத் துடைத்தாள். பாலிஷில் இருக்கிற எண்ணெய் கீறலை நிரப்பிக் கண்ணை ஏமாற்றும். ஸ்பிரிட் போட்டால்தான் உண்மை வெளியே வரும். டார்ச் அடித்தாள்.

சுத்தமாக இருந்தது. கட்டத்துக்கு வெளியே சிலந்தி வலை, உள்ளே மை ஊற்றின மாதிரி கறுப்பு. அவள் முகம் தெரிந்தது.

வெண்ணெய் மாதிரி பெயின்ட். முதல் கட்டத்திலேயே பதில் வந்துவிட்டது. ஒரே சுற்று. மூன்றரைக்கெல்லாம் முடிந்துவிடும்.

அவள் டார்ச்சை அணைத்தாள். பிறகு டேப்பை எடுத்து, பக்கத்திலேயே இரண்டாவது கட்டம் ஒன்று கட்டினாள். அதற்கு அவசியமே இல்லை. எட்டு வருஷத்தில் பதில் கிடைத்த பிறகு அவள் இன்னொரு கட்டம் கட்டியதில்லை. இன்னொரு மெத்து பேடை எடுத்து, அதில் வெட்டுகிற பாலிஷை வைத்து ஓட்டினாள். ஸ்பிரிட் போட்டபோது லேசாகப் புகை படிந்திருந்தது. மங்கல். இந்தப் பெயின்டுக்கு வெட்டுகிற பாலிஷ் ஆகாது. தெரிந்த விஷயம்தான்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த கம்பளி குரலைத் தாழ்த்தினான். "எதுக்குக்கா ரெண்டாவது?"

"சும்மா. பாக்கலாம்னு."

"சும்மாவா? என்கிட்டயே கதையா?" அவன் நாற்காலி இருந்த பக்கம் கண்ணைக் காட்டினான். "பேசாம என்கிட்ட குடு. கம்பளிய மாட்டி ஒரு இழு இழுக்கிறேன். வண்டி முழுக்கப் புகை அடிச்சிரும். அதை எடுக்க நாளைக்கு மத்தியானம் ஆயிடும். மாமா இங்கயே படுத்துக்கட்டும். எவனுக்குத் தெரியப் போகுது? கடைசியில பளபளன்னுதானே போகும்?"

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பளபள என்றுதான் போகும். யாருக்கும் தெரியாது. சாருக்குத் தெரியாது, முதலாளிக்குத் தெரியாது. ஆனால் பெயின்டுக்கு மேலே இருக்கிற கண்ணாடி மாதிரியான பூச்சு தலைமுடியைவிட மெல்லிசு. தேய்த்தது தேய்த்ததுதான், திரும்ப வளராது. இன்றைக்கு ஒரு ராத்திரிக்காகத் தேய்த்தால், பின்னால் என்றைக்கோ வெயிலில் உரிந்து வெளுத்து நிற்கும். அதன்மேல் சாய்ந்து நிற்கப் போவது யார்?

"கம்பளி வேணாம்" என்றாள்.

"நீ திருந்தவே மாட்ட."

இரண்டாவது கட்டத்தின் புகையை எடுத்துவிட்டு, முன் மூடியிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பேட். சூடானதைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை மாட்டினாள். மெஷின் இரைச்சலில் ஒன்றும் பேச முடியாது. நான்கு மாதம் கழித்து வந்த மனுஷன் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இவள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். மெஷினை நிறுத்தினால் பேசலாம். நிறுத்தாமல் ஓட்டினால் சீக்கிரம் முடியும், முடிந்தால் போய்விடுவார். எப்படிப் பார்த்தாலும் இடித்தது.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் டயர்களின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் பாதியில் கையை நிறுத்தி, "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரை வந்தது. "மூணரைக்கு முடிஞ்சிரும்."

"அப்படியா." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் என்னமோ கறுப்பு வண்டின்னா ரெண்டு நாள் ஆகும்னு நினைச்சேன். நீதானே சொல்லுவ."

"எல்லா வண்டியும் இல்ல. இது பெயின்ட் மெத்துன்னு இருக்கு."

"எவன் போட்டான் இந்தப் பெயின்ட்ட" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

கை கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் அவரை எழுப்பவில்லை. காதோரம் புதிதாக நரைத்திருந்தது. அதைப் போனில் பார்க்க முடியாது. அவர் பக்கம் இரைச்சல் போகாதபடி மெஷினின் வேகத்தை ஒரு புள்ளி குறைத்து வைத்துக்கொண்டு ஓட்டினாள்.

மூன்றேகாலுக்குச் சார் போன் செய்தார். தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்து நின்றுகொண்டே பேசினார். "ஆமா சார். முடியப் போகுது சார். இன்னைக்கே கிளம்பிடுறேன் சார்."

கடைசியாக மிச்சமிருந்தது அந்த இடது முன்பக்கம் மட்டும்தான். சாவிக்கொத்து உரசின இடம். அவள் கையை நீட்டி ஒரு பேடை எடுத்து மாட்டினாள், ஓட்டினாள், ஸ்பிரிட் தெளித்துத் துடைத்தாள். டார்ச்சை அடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புகை. பக்கம் முழுக்க மங்கல்.

பேடைக் கழற்றி முகர்ந்தாள். வெட்டுகிற பாலிஷின் வாசனை. காலையில் அந்த இரண்டாவது கட்டத்துக்கு எடுத்த பேட். தனியாக ஒதுக்கி வைக்க வேண்டியதைச் சுத்தமானவற்றோடு வைத்திருக்கிறாள். எட்டு வருஷத்தில் ஒருநாளும் செய்யாத தப்பு.

"என்னாச்சு?" என்று அவர் பக்கத்தில் வந்தார்.

"பேட் மாறிப்போச்சு. இந்தப் பக்கம் மட்டும் இன்னொரு தடவை போடணும்."

அவர் குனிந்து பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "வேணும்னே பண்ணினியா?"

"இல்லங்க. சத்தியமா இல்ல."

"பண்ணியிருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"இல்லன்னு சொல்றேன்ல."

"சரி, சரி. எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம்."

"இருபதா" என்றார், கிடைத்தது பெரிய தொகை மாதிரி. "டார்ச்சைக் குடு. நான் பிடிக்கிறேன்."

புது பேடை மாட்டினாள். அவர் அவள் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சம் காட்டினார். மெஷினை நிறுத்தித் துடைக்கும்போது, "இங்க நல்லா வந்திருச்சு" என்பார். "ம்" என்பாள். இரண்டு தலையும் ஒரே வெளிச்சத்தில் இருந்தன. மெல்லிய கீறல்கள் போய்விட்டன. ஆழமாக விழுந்த இரண்டு மட்டும் நின்றன. "இது ரெண்டும் போகாது. போக வைக்கவும் கூடாது" என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அவர்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். சுத்தம். கறுப்பில் இரண்டு பேரின் முகமும் தெரிந்தது. கம்பளி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, வேலை இருப்பவன் மாதிரி வெளியே போய்விட்டான்.

அவள் மெஷினின் ஒயரைப் பிடுங்கினாள். அவர் டார்ச்சை அணைக்கவில்லை.

"அந்த ஓரத்துல ஏதோ இருக்கு பாரு" என்றார்.

அவள் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. "எங்க?"

"அங்கதான். நல்லா பாரு."

மெத்தென்ற துணி ஒன்றை எடுத்து நாலாக மடித்து, ஒன்றுமில்லாத அந்த இடத்தை மெதுவாகத் துடைத்தாள். அவர் வெளிச்சத்தை ஒரு சாண் நகர்த்தினார்.

"இப்ப இங்க."

"ஆமா" என்றாள். "இங்கயும் இருக்கு."