கெட்டுப்போன கருவாடு கேட்டு வந்தவள்

நல்லதாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் எல்லோரும் கருவாட்டுக் கடைக்கு வருவார்கள். கெட்டுப்போனதாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவள் அந்த ஆராய்ச்சிக்காரி ஒருத்திதான்.

"செவப்பா, பிசுபிசுன்னு, உப்பு மேல சாயம் ஏறின மாதிரி இருக்குமே அண்ணே, அது இருக்கா?"

கடைக்காரர் அவள் கண்ணாடியைப் பார்த்தார். தோள்பையைப் பார்த்தார். பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ரப்பர் கையுறையையும் பார்த்தார். குப்பென்று வியர்த்துவிட்டது.

"நம்ம கடையில அந்தப் பேச்சே கிடையாதும்மா!" என்றவர், இருந்ததிலேயே பெரிய மீனாக எடுத்துக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் திணித்தார். காசும் வாங்கவில்லை. சோதனைக்கு வந்த அதிகாரி என்று முடிவே கட்டிவிட்டார்.

எதிர்க்கடையிலும் அதே கதை. அங்கே இரண்டு மீன் கிடைத்தது.

இரண்டு கடைகளும் ஒரே குடும்பத்தினுடையவை. ஒரு கடை அத்தானுடையது, எதிர்க்கடை அவருடைய மச்சானுடையது. நடுவில் மாட்டிக்கொண்டவள், ஒருவருக்கு மனைவியும் மற்றவருக்கு அக்காவுமான ஒருத்தி. அத்தான் கடைக்குப் பின்னாலேயே வீடு. இருவருக்கும் மதியச் சாப்பாடு அவள் கையால்தான். சாப்பிடும்போது மட்டும் ஒற்றுமையாக இருப்பார்கள், வாய் நிறைய சோறு இருப்பதால்.

ஆராய்ச்சிக்காரி தன் வேலையை வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததே இல்லை. வேறு எதுவும் பிழைக்காத அளவுக்கு உப்பு இருக்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத சில உயிர்கள் சுகமாகக் குடித்தனம் நடத்தும். ஆர்க்கியா என்று பெயர். பார்வைக்கு பாக்டீரியா மாதிரி இருந்தாலும் அந்த வம்சமில்லை, தனிக் குடும்பம். உப்பு மீன் சிவந்து கெட்டுப்போவது அவற்றில் சிலவற்றின் கைங்கரியம். அவற்றுக்கும் நோய் வரும். அந்த நோயைக் கொடுக்கும் வைரஸைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

மாமியார் இதையெல்லாம் சுருக்கி, "என் மருமக வைரஸ் டாக்டர்" என்று சொந்தபந்தத்திடம் சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் சளியும் இருமலுமாக நாலு பேர் வாசலில் நிற்பார்கள்.

"சித்தப்பா, நான் பாக்குற வைரஸ் மனுஷங்களத் தொடாது."

"தொடாதா? அப்புறம் அதுக்கு என்னதான் வேலை?" என்றார் சித்தப்பா, வேலைவெட்டியில்லாத மாப்பிள்ளையை விசாரிப்பது போல.

அந்த வேலைவெட்டியில்லாததுதான் அவள் கண்ணில் படவே மாட்டேன் என்றது. ஆய்வகத்தில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு சூட்டு அலமாரி. உப்பு போட்டுச் செய்த தட்டுகளை அதற்குள் வைத்துத்தான் ஆர்க்கியாவை வளர்க்க வேண்டும். அதிலும் அவை அவசரப்படும் ஜாதியில்லை.

"இந்த மாசத்துக்குள்ள ஒரு வைரஸையாவது கண்ணுல காட்டும்மா. இல்லேன்னா அலமாரிய ஈஸ்ட் கோஷ்டிக்குக் குடுத்துடுவேன்" என்று துறைத்தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஈஸ்ட் கோஷ்டி அளவு நாடாவோடு வந்து அலமாரியை அளந்துகூடப் பார்த்தது. அலமாரி போனால் அவள் வேலையும் போன மாதிரிதான்.

ஆகவே அவள் மறுபடி மறுபடி அந்தத் தெருவுக்குப் போனாள். மறுபடி மறுபடி நல்ல மீனோடு திரும்பினாள். கணவர் மூன்றாவது வாரம் தட்டைத் தள்ளிவைத்தார்.

"இன்னொரு நல்ல மீன் இந்த வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் எங்கம்மாவக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்."

"என்னை ஏன்டா இழுக்குற? எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு" என்றார் மாமியார், முள்ளை ஒதுக்கியபடி.

கடைசியில் அவள் அத்தானிடம் உண்மையை உடைத்துச் சொன்னாள். "அண்ணே, நான் அதிகாரி இல்ல. நம்ம ஊரு ஆய்வகத்துல ஆராய்ச்சி பண்றவ. நிஜமாவே எனக்குக் கெட்ட மீன்தான் வேணும்."

அத்தானுக்கு உயிர் வந்தது. "அப்படிச் சொல்லும்மா! எதிர்க்கடைக்குப் போ. அவன்கிட்ட அதத் தவிர வேற என்ன இருக்கு?"

எதிர்க்கடையில் மச்சான் சிரித்தார். "எங்க அத்தான் கடையில கேட்டியா? அங்க அதுக்குன்னே தனி அறை இருக்கு."

இரண்டு நாள் கழித்து, ஆய்வக வாசலில் காவலாளி மூக்கைப் பொத்தியபடி ஒரு பொட்டலத்தைக் கையை நீட்டித் தூக்கிக்கொண்டு நின்றான். "யாரோ கேட்டுல வச்சிட்டுப் போயிட்டாங்க மேடம். வெடிக்குமா?"

பிரித்துப் பார்த்தாள். கல்யாணப் பெண்ணின் கன்னம் மாதிரி சிவந்திருந்தது மீன்.

அதைக் கழுவிய உப்புத் தண்ணீரை வடிகட்டி, ஆர்க்கியா வளரப்போகும் தட்டுகளில் கலந்து ஊற்றினாள். அலமாரிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு ஒரு வாரம், பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பன் மாதிரி அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தட்டுகள் மெல்லச் சிவந்தன. பிறகு ஒரு தட்டில், அந்தச் சிவப்புக்கு நடுவே ஊசி முனையளவு வெற்றிடங்கள் தெரிந்தன. வைரஸ் புகுந்து ஆர்க்கியாவைத் தின்று தீர்த்த ஓட்டைகள்!

துறைத்தலைவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பிரமாதம்! மாதிரி எங்க எடுத்தது?"

"கேட்டுல சார்."

"கேட்டுலயா? கம்பியில காய்ச்சுதா?"

எங்கே எடுத்தது என்று தெரியாத மாதிரியை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மீன் என்னுடையதுதான் என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டையும் வீண், அலமாரியும் போச்சு.

ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்கு வந்தாள். இரு கடைக்கும் நடுவில் நின்று, "அந்த மீன் யாரோடது?" என்று கெஞ்சினாள்.

"அவனோடது!"

"அவரோடது!"

"சண்டை வேண்டாம். அதுல ஒரு புது வைரஸ் இருக்கு. மீனைச் செவக்க வைக்குதே, அதைக் கொல்ற வைரஸ். எடுத்த இடத்தோட பேரையே அதுக்கு வைக்கலாம்னு இருக்கேன்."

இருவரும் கல்லாவை விட்டு எழுந்தார்கள்.

"கொல்லுமா?" என்றார் அத்தான்.

"கொல்லும்."

"பேர் வைப்பியா?" என்றார் மச்சான்.

"வைப்பேன்."

அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். "மீன் என்னோடது! எங்கடையில வருஷம் முழுக்க மீன் செவக்கும். யாரு வேணாலும் வந்து பாத்துக்கலாம்!"

"அத்தான், பொய் சொல்லாதீங்க! உங்க மீன் சும்மா வெளுத்துப் போகும். அழுகுறதுன்னா எங்கடைதான்!"

மீன் வாங்க நின்ற மூன்று பேர் கூடையைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை.

ஆராய்ச்சிக்காரிக்கு அழுகை முட்டியது. ஒருவரும் ஒப்புக்கொள்ளாதபோதும் கஷ்டம், இருவரும் ஒப்புக்கொண்டாலும் அதே கஷ்டம்.

அப்போதுதான் பின்வீட்டுக் கதவு திறந்தது. அக்கா கையில் கரண்டியோடு வந்தாள்.

"ரெண்டு பேரும் வாய மூடுறீங்களா? பொட்டலம் வச்சது நான்."

இருவரும் மூடினார்கள்.

"கடையில விக்காததெல்லாம் எங்க வருதுன்னு கேளும்மா. என் சமையலறைக்கு! இவரு, 'உனக்குன்னு எடுத்து வச்சேன்'பாரு. அவன், 'அக்காவுக்குப் பிடிக்குமே'ம்பான். பூனைகூடத் தொடல. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு மூடி வச்சிருந்தேன். நீ கடையில கெஞ்சினது காதுல விழுந்துச்சு, பாவமா இருந்துச்சு. அதான் கொண்டாந்து வச்சேன்."

"அக்கா, டப்பா இன்னும் இருக்கா?"

"இருக்காவா? வாசனை வரலையா உனக்கு?"

அடுப்புக்கு மேலே, பரணில் இருந்தது டப்பா. ஆராய்ச்சிக்காரி ஸ்டூலில் ஏறி நின்று, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மறு கையால் துறைத்தலைவரை அழைத்தாள்.

"சார், மாதிரி எடுத்த இடத்துலயே நிக்கிறேன். சமையலறை, அடுப்புக்கு மேல. மீனுக்குச் சொந்தக்காரங்க பக்கத்துலயே இருக்காங்க, பேசுறீங்களா?"

அக்கா போனை வாங்கினாள். "ஆமா சார், என் டப்பாதான். என் மீன்தான். எங்க வேணாலும் வந்து சொல்றேன்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அலமாரி உனக்குத்தானாம். என்ன அலமாரின்னு தெரியல, சந்தோஷமா வச்சுக்க."

ஆராய்ச்சிக்காரி ஸ்டூலிலிருந்து இறங்கி அவளை டப்பாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"அப்ப பேரு?" என்றார் வாசல்படியில் நின்ற அத்தான், பாவமாக.

"என் சமையலறை பேருதான்," என்றாள் அக்கா. "வீட்டுக்கு நீங்க என்ன மீன் கொண்டு வர்றீங்கன்னு உலகம் பூரா படிக்கட்டும்."

அத்தானும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, யார் முந்துவது என்று இடித்துக்கொண்டு, நல்ல மீன் எடுத்துவர ஆளுக்கொரு கடைக்கு ஓடினார்கள்.