கெஞ்சாமல் எழுதிய கடிதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜர் துரைக்கு ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தால்தான் ஆபீசில் எடுத்து வாசிப்பார்கள் என்றொரு நம்பிக்கை. பெல்மதுளைக்குப் போய் ஆங்கில டியூஷன் படித்த ஒரே பெண் என்பதால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். கூரைத் தகரம், லீவு, எது கேட்பதானாலும் எழுதும் விதம் ஒன்றுதான். தங்கள் பாதம் பணிந்து என்று தொடங்கி, நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிப்புக் கேட்டு, வீட்டுக் கஷ்டம் முழுவதையும் அழுது முடித்து, கடைசி வரியில்தான் தகரத்தைக் கேட்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கேட்பது மரியாதை இல்லை.

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னபோதும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். பாடம் நடத்திய மேடம் தாளைத் திருப்பித் தந்து, "யாரிடம் இவ்வளவு கெஞ்சுகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பே சிரித்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சொல்ல வந்ததை முதல் வரியில் சொல், பிறகு காரணங்களை ஒவ்வொன்றாக வை, யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே என்றார். அதைப் பழக ஒரு வருடம் பிடித்தது. பழகிய பிறகு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மாவின் இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. கொழுந்துக் கூடையோடு மலை ஏற முடியவில்லை. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா அந்த மாதத்தோடு நிற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, அந்த வேலையைத் துரையிடம் கேட்டு எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். இந்தத் தொழிலாளியைப் பிள்ளை மடுவத்துக்கு மாற்ற வேண்டும் என்பது முதல் வரி. கீழே மூன்று காரணங்கள். இரத்தினபுரி ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டையும் சேர்த்துக் குத்தினேன். தயவுசெய்து என்ற சொல் தப்பித் தவறிக்கூட இல்லை. மேடம் பார்த்தால் எத்தனை மார்க் போடுவார் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அம்மா ஆபீசிலிருந்து சீக்கிரமே திரும்பி வந்தாள்.

"இது என்ன, எனக்கே ஓடர் போடுறியான்னு துரை சிங்களத்துல கேட்டாரு. கிளாக்கர் மாத்தயாவும் சிரிச்சாரு. பரவால்ல பாப்பா, பழைய மாதிரியே ஒன்னு எழுதித் தா. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்குறேன்."

"நான் கெஞ்சி எழுத மாட்டேம்மா. அதுக்கா என்னைய படிக்க வச்சீங்க?" கத்திவிட்டேன்.

அம்மா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"சரி விடு. உன் கையால அப்படி எழுத வேணாம்."

அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. யார் யாருடைய தகரத்துக்கோ பாதம் பணிந்தவள், பெற்றவளுக்காக ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அம்மா இன்னும் இரண்டு வருடம் மலை ஏறினாள். பிறகு ஒருநாள் மழையில் சறுக்கி விழுந்தவள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்கே போகாமல் நின்றுவிட்டாள்.

பட்டமளிப்பு அன்று வேன் பிடித்து அவளை அழைத்துப் போனோம். மண்டபத்துக்கு முன்னால் உயரமான படிகள். அப்பாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்தும் நாலு படிக்கு மேல் அவளால் முடியவில்லை. "நீங்க போங்க, நேரமாகுது" என்று வேனுக்கே திரும்பிவிட்டாள்.

எல்லாம் முடிந்து கறுப்பு அங்கியோடு கீழே ஓடி வந்தேன். அம்மா வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கை தட்டுன சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. அது உனக்குத்தானா?"

உள்ளே எத்தனையோ பேருக்குத் தட்டினார்கள். அவள் காதில் விழுந்தது யாருடையதோ, எனக்கு எப்படித் தெரியும்?

"ஆமாம்மா, எனக்குத்தான்" என்றேன்.